ஐரிஸ் என்னும் பெயர்மீது ஓர் ஆட்சேபம்

மதிப்பிற்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம், குளியலறைத் தரை தவிர. அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும் என் மகளும், பிறந்து முப்பத்தேழு நாளே ஆன பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. நேரில் வந்து பார்த்து எழுத எனக்கு அனுமதி இல்லை. அந்த விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகள் என்னோடு பேசுவதில்லை. அது ஒன்றும் புதிதல்ல, பள்ளிக்கூட நாளிலேயே அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அப்போதெல்லாம் அவள் அம்மா நடுவில் புகுந்து, எனக்கு இரண்டு திட்டும் அவளுக்கு இரண்டு திட்டும் கொடுத்து, விளக்கேற்றும் நேரத்துக்குள் தீர்த்துவைத்துவிடுவாள். இந்தத் தடவை நடுவில் ஆள் இல்லை. ஆகையால் தங்களைப் பிடித்திருக்கிறேன். தாங்கள் இருபத்தெட்டு வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர், தாங்கள் கொடியசைக்காமல் ஒரு வண்டி நகர்ந்ததில்லை என்று கல்யாணத்தின்போது நாலைந்து தடவை சொல்லியிருக்கிறீர்கள். இப்போது ஒரு வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது. அடுத்த புதன்கிழமை பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்கப் போகிறார்கள். அதற்குள் தாங்கள் தலையிட வேண்டும்.

நான் என்ன வேலை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முழுதாகச் சொன்னால்தான் என் பக்கம் புரியும். டிரேட்மார்க் ஆபீசில், தேடல் பிரிவில், முப்பத்து நாலு வருஷம். யாராவது தன் சோப்புக்கோ சைக்கிளுக்கோ ஒரு பெயர் வைக்க வேண்டுமென்று மனுப் போட்டால், அந்தப் பெயர் ஏற்கெனவே வேறு எதற்காவது இருக்கிறதா என்று தேடிச் சொல்வது என் வேலை. பெரும்பாலும் இருக்கும். "இது ஏற்கெனவே இருக்கிறது" என்ற வாக்கியத்தை என் ஆயுளில் நான் எழுதிய அளவு வேறு எதையும் எழுதியதில்லை. என் மகள் பிறந்தபோது அவள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தானே பெயர் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்ககிட்ட கேட்டா, தேடி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு ஸ்கூல்ல சேந்துடுவா" என்றாள். அந்த முன்ஜாக்கிரதை மகளுக்கு இல்லாமல் போனதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

பேத்தி பிறந்து பத்து நாள் தங்கள் வீட்டில் இருந்துவிட்டு நான் ஊர் திரும்பினேன் அல்லவா, அதற்கு நாலாம் நாள் போன் வந்தது.

"அப்பா, பேர் முடிவு பண்ணிட்டோம். ஐரிஸ்."

"யாரு அது?"

"உங்க பேத்திதான்பா."

"அது சரி. அந்தப் பேர்ல முன்னாடி யாரு இருந்தாங்கன்னு கேக்குறேன்."

"கிரேக்கக் கதையில வர்ற தேவதை. வானவில்லுக்கு அதிபதி. தேவர்கள் சொல்ற சேதியை எடுத்துக்கிட்டு வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல போய் வர்றவ. நல்லா இருக்கில்ல?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரு வாரம் டைம் குடு."

"எதுக்கு டைம்?"

"தேடிப் பாக்க."

"அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு" என்றாள். அதில் இருந்த எச்சரிக்கை எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. மறுநாள் காலை ஒரு புது நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

சம்பந்தி, அந்தத் தேவதை கதையில் ஓரிடத்தில் சும்மா இருந்திருந்தால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கதை முடிந்த பிறகு அவள் எங்கெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கள் தெரு முனையிலேயே ஐரிஸ் டைல்ஸ் என்று ஒரு கடை. இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததில்லை. உள்ளே போய், இந்தப் பெயரை எப்போதிலிருந்து உபயோகிக்கிறீர்கள் என்று விசாரித்தேன். கடைக்காரர் மிக மரியாதையாக உட்கார வைத்து, வீட்டு விலாசம் கேட்டார். பதில் எழுதி அனுப்புவார் என்று நினைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு உளியும் சுத்தியலுமாக இரண்டு பேர் வந்தார்கள். "சார், எந்த ரூம்?" என்றார் ஒருவர். "ரூம் இல்லப்பா, பேரு" என்றேன். "பேரை அப்புறம் எழுதிக்கலாம் சார், முதல்ல அளவு எடுத்துடுவோம்" என்று இருவரும் குளியலறைக்குள் போய்விட்டார்கள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போவதற்குள், தரைக்கு அடியில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக மூன்று கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். அந்த மூன்று கல்லும் இன்றுவரை வாளிக்குள் இருக்கின்றன. நான் ஒற்றைக் காலில் நின்று குளித்துக்கொண்டிருக்கிறேன். பதிவு எண் ஒன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது ஜன்னல் திரை விற்கிற கடை, அதுவும் ஐரிஸ். அங்கே இருந்த அம்மாளிடம் அதே கேள்வியைக் கொஞ்சம் விறைப்பாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பழக்கதோஷம். அவர் எழுந்து நின்று, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய் மெதுவாக யாருக்கோ போன் பண்ணினார். கால் மணி நேரத்தில் முதலாளி வேர்க்க விறுவிறுக்க வந்து, ஒரு பையிலிருந்து கடை உரிமம், வாடகைப் பத்திரம், தீயணைப்புச் சான்று, தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் என் முன் அடுக்கினார். "சார், எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார். என் பேத்திக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். "பேத்தி எந்த டிபார்ட்மென்ட் சார்?" என்றார். அவருக்கு நான் புரியவைத்து வெளியே வருவதற்குள் மதியமாகிவிட்டது. கடைக் கணக்கு எப்படியிருந்தாலும் மனிதர் பள்ளிக்கூடக் கணக்கில் கெட்டிக்காரர், நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வாங்கியிருந்தார்.

செடி விற்கிற இடத்தில் ஐரிஸ் என்று ஒரு பூ இருக்கிறதாமே என்று கேட்டேன். "எந்த ஐரிஸ்?" என்றார் தோட்டக்காரர். ஒன்றுதானே என்றேன். அவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டுச் சிரித்தார். இருநூறு வகைக்கு மேல் இருக்கிறதாம். இந்த ஒரு பதிலுக்காகவே நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டியதாயிற்று. காமிரா பழுது பார்க்கிறவர் ஒரு லென்ஸைக் கழற்றி, உள்ளே இதழ் இதழாக விரிந்து சுருங்கும் தகடுகளைக் காட்டி, இதற்குப் பெயரும் அதுதான் என்றார். நூலகத்தில் போய்ப் பார்த்தால் அங்கே இன்னும் மோசம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற பாறைகளில் ஏழாவதாகக் கண்டுபிடித்த பாறைக்கு இந்தப் பெயர். கும்பிடுபூச்சியில் ஒரு இனத்துக்கு இந்தப் பெயர். பீரங்கி வைத்த போர்க்கப்பல்களுக்கு இந்தப் பெயர். பேனா முள்ளின் நுனி தேயாமலிருக்க ஒரு உலோகம் வைப்பார்களே, அந்த இரிடியத்துக்கும் இவள் பெயரிலிருந்துதான் பெயர் எடுத்தார்கள் என்று நூலகர் சொன்னார். நான் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். ஒரு வாரமாக அவளை வைத்துக்கொண்டே அவளுக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். பால்பாயிண்ட் பேனா ஒன்றை இரவல் வாங்கி மேற்கொண்டு எழுதினேன்.

கடைசியாகக் கண் டாக்டர். இதை மட்டும் தாங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். கண் பரிசோதனைக்குப் போவதுபோல் போனேன். சொட்டு மருந்து விட்டு, தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொன்னார். அந்த நிலையிலேயே விசாரணையை ஆரம்பித்தேன்.

"ஐரிஸ்னா என்ன டாக்டர்?"

"கண்ணு நடுவுல இருக்கிற பாப்பாவைச் சுத்தி ஒரு வளையம் இருக்குமே சார், அது. வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி விரியும், சுருங்கும்."

"எல்லாருக்கும் உண்டா?"

"ஆளுக்கு ரெண்டு."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பெயருக்கு எதிராக இதைவிடப் பலமான ஆட்சேபம் என் உத்தியோக காலத்தில் கிடைத்ததில்லை. உலகத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு வைத்திருக்கிற பொருள். அதன் பெயரை எப்படி ஒரு குழந்தைக்குத் தனியாகக் கொடுப்பது? ஆனால் அந்த டாக்டர் அதோடு விடவில்லை. "ஆனா பாருங்க, ஒருத்தரோடது மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. உங்க வலது கண்ணுல இருக்கிற மாதிரி இடது கண்ணுல இருக்காது. ஆளை அடையாளம் பிடிக்க இப்ப இதைத்தானே வெச்சுப் பாக்குறாங்க" என்றார். நான் அது காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். அறிக்கையில் அதைச் சேர்க்கவும் இல்லை. முப்பத்து நாலு வருஷ சர்வீசில் எதிர்த்தரப்புச் சாட்சியத்தை நான் மறைத்ததில்லை. இதுதான் முதல் தடவை.

அதற்குத் தண்டனையோ என்னவோ, சொட்டு மருந்து நாலு மணி நேரம் இறங்கவில்லை. எல்லாமே பால் ஊற்றினதுபோல் தெரிந்தது. மாடிப்படியை எண்ணிக்கொண்டு ஏறி, கதவைத் தள்ளி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். "ஐயா, உங்க வீடு இதுக்கு மேல" என்று ஒரு பெண் குரல் கேட்டது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பனியனோடு மாடியேறினேன். சட்டை அங்கேயே தங்கிவிட்டது, அளவு குறைக்க வந்த துணிகளுக்கு நடுவில். மறுநாள் இஸ்திரி போட்டுத் திரும்பி வந்தது, கை இரண்டு அங்குலம் குறைந்து. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அந்த ஆணியில் மாட்டினால் அதுதான் அர்த்தமாம்.

இவ்வளவு பாடுபட்டு நாற்பத்தேழு பதிவுகளைத் திரட்டி, பதினோரு பக்கத்தில் அறிக்கை தயாரித்தேன். முடிவுரையில், "மேற்படி பெயர் தனித்தன்மை அற்றது, பொதுமக்களிடையே குழப்பம் விளைவிக்கக்கூடியது, பதிவுக்கு ஏற்றதன்று" என்று எழுதி, ஒப்புதல் அட்டையுடன் ரிஜிஸ்டர் தபாலில் மகளுக்கு அனுப்பினேன். நான் எழுதியவற்றிலேயே அதுதான் சிறந்த அறிக்கை. பேத்திக்காக ஒரு வாரம் கால்தேய நடந்திருக்கிறேன், படித்துவிட்டு மகள் மனம் நெகிழ்ந்து போன் பண்ணுவாள் என்று, சிரிக்காதீர்கள் சம்பந்தி, உண்மையாகவே எதிர்பார்த்தேன். இரண்டு நாள் குளிக்கப் போகும்போதுகூட போனை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

போன் வரவில்லை. ரிஜிஸ்டர் தபால் வந்தது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "தங்கள் ஆட்சேபம் கிடைக்கப் பெற்றது. எதிர்வாதம் தாக்கல் செய்ய மனுதாரருக்கு நான்கு மாத அவகாசம் உண்டு. அதுவரை, ஆட்சேபதாரர் பிரச்சினைக்குரிய பொருளை நேரில் பார்வையிடவோ, தூக்கவோ, கொஞ்சவோ அனுமதி இல்லை. இப்படிக்கு, மனுதாரர்."

நான்கு மாதம் என்பது நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் பிரிவில் கொடுத்த அவகாசம். சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். எழுத்தில் ஒரு பிழை இல்லை, ஒரு வார்த்தை மிகையில்லை. படித்ததும் எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோதுதான் உட்கார்ந்துவிட்டேன். போன் பண்ணினேன். மாப்பிள்ளை எடுத்தார். "மாமா, அவ ரொம்ப அழுதுட்டா. நான் நடுவுல வரல, மன்னிச்சுக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல பிள்ளை. பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. யாரோ உஷ் உஷ் என்று சமாதானம் செய்தார்கள். அது தாங்களாகத்தான் இருக்க வேண்டும், குரலில் ரயில் புகை விடுகிற மாதிரி ஒரு இழுப்பு இருந்தது. எனக்குத் தங்கள் மேல் பொறாமை வந்தது. மறைப்பதில் அர்த்தமில்லை.

நான்கு மாதத்தில் குழந்தை குப்புற விழும், தலை நிற்கும், ஆளைப் பார்த்துச் சிரிக்கும். அவ்வளவும் நான் இல்லாமல் நடக்கும். முதல்தடவை சிரிக்கும்போது எதிரில் யார் இருப்பார்கள்? தாங்கள் இருப்பீர்கள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அறிக்கையில் நாற்பத்தேழு காரணம் எழுதினேன், நாற்பத்தெட்டாவதை எழுதவில்லை. பெண் குழந்தை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நிமிஷத்திலிருந்து, தங்கள் சம்பந்தியம்மாளின், அதாவது என் மனைவியின், பெயரைத்தான் வைப்பார்கள் என்று நான் இருந்தேன். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. மறுபடி அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட ஒரு ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். யாரும் எனக்கு அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகள் ஒப்புக்கொண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். கேட்கத் தெரியாமல் ஆட்சேபம் போட்டுவிட்டேன்.

ஆகையால் தங்களிடம் என் வேண்டுகோள் இது. புதன்கிழமைக்கு முன்பாக என் மகளிடம் பக்குவமாகப் பேசி, ஐரிஸ் என்ற பெயரை நிறுத்திவைத்து, அவள் அம்மாவின் பெயரை வைக்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். தாங்களாகவே நினைத்ததுபோல் சொல்லுங்கள், மாமனார் சொன்னால் அவள் கேட்பாள். தங்கள் சொந்த யோசனை என்று நம்பவைக்கும் அளவுக்குத் தங்களுக்கு நடிக்க வருமா என்று தெரியவில்லை. கல்யாணத்தில் பாட்டுப் பாடினீர்கள், அந்தத் தைரியம் போதும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள். குழந்தை நூறு வயது நோய்நொடியின்றி வாழ வேண்டும், எந்தப் பெயரில் என்பது தங்கள் கையில் இருக்கிறது.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் ஒரு காரியம் பாக்கியிருந்தது. ஒரு பெயருக்குப் பதிலாக இன்னொன்றைச் சொல்கிறவன் அந்த இன்னொன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். அதுதான் நியாயம், அப்படித்தான் எனக்கு வேலை பழக்கம். அதனால் நேற்றும் இன்றும் தங்கள் சம்பந்தியம்மாளின் பெயரைத் தேடினேன். ஐம்பத்திரண்டு பதிவு. சோப்பு, குடை, தையல் நூல், இரண்டு பஸ் கம்பெனி, பித்தளைப் பாத்திரக் கடை, சாக்கடை அடைப்பு எடுக்கிற பொடி. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற லாண்டரிக்கும் அதே பெயர். இருபது வருஷமாக அந்தப் பலகை அங்கேதான் இருக்கிறதாம். நான் தினமும் இந்த ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடித்திருக்கிறேன். ஒருநாள்கூடப் படித்ததில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளேயிருந்து "என்னவாம்?" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும், அது வேறு எதற்காவது பெயராக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு ஐம்பத்திரண்டையும் எழுதி முடித்துவிட்டு, மறுபடி ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒன்றில்கூட அவள் இல்லை.

மேலே எழுதியது எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். ஆட்சேபத்தை நிபந்தனையின்றி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி என் மகளிடம் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுங்கள். டாக்டர் சொன்னதை மறைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். புதன்கிழமை அந்தப் பெயரையே பதியட்டும். அனுமதி கொடுத்தால் மறுநாளே வருகிறேன், கொடுக்காவிட்டால் தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்கிறேன்.

இன்று காலை சமையலறையில் நின்று "ஐரிஸ்" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். வாய்க்குச் சரியாகத்தான் வருகிறது. பதிலுக்கு "என்னவாம்?" என்று கேட்க அவளுக்கு இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். நாலு மாதம் பொறுக்க முடியாதவன்தான் நான். இதற்குப் பொறுத்திருப்பேன்.